மும்பைத் தமிழரும் சட்டமன்றமும்: இரா. தமிழ்ச்செல்வன்

1966இல் தோன்றிய சிவசேனை, தொடக்கத்தில் தென்னிந்தியர் எதிர்ப்பால் வளர்ந்தது. தமிழர் திரண்டு வாழும் தாராவி தனித்தொகுதி. அதனை அடுத்த சயான் கோலிவாடா பொதுத்தொகுதி. புதுக்கோட்டை மாவட்ட உழவர் குடியினரான தமிழ்ச்செல்வன், மும்பையில் இரயில்வே சரக்குப் பணியில் ஈடுபட்டவர். 2008 தாக்குதலில் சத்ரபதி சிவாஜி நிலையத்தில் காயமுற்றோரை மருத்துவமனைக்கு அனுப்ப உதவியவர்.

2014இல் பாரதிய சனதா – சிவசேனைக் கூட்டணி முறிந்தது. அத்தேர்தலில் சயான் கோலிவாடாவில் பாரதிய சனதா சார்பில் நின்ற அவர், சிவசேனை வேட்பாளரை வென்றார். 2019இல் அதே சிவசேனை அவருக்குக் கூட்டணித் துணையாயிற்று. அவ்வாண்டும் 2024இலும் மீண்டும் வென்றார்.

எனவே இவ்வெற்றிகளை மொழிவழி வாக்குத் திரட்சியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பொதுத்தொகுதி, தேசியக் கட்சி, மாறும் கூட்டணி ஆகிய மூன்றும் சேர்ந்தே குடிபெயர்ந்தோர்க்குச் சட்டமன்ற வாயிலைத் திறந்தன எனலாம்.