மஞ்சக்கண்ணு கார்கள்

போன மாசம் எங்கள் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். புனேக்காரர், அறுபதைத் தாண்டியவர். வருஷத்துக்கு ஒரு தடவை ஃபிக்ஸட் டெபாசிட்டைப் புதுப்பிக்க வருவதோடு சரி, வேறு எதற்கும் நம் பக்கம் எட்டிப் பார்க்காத ஆசாமி. இந்தத் தடவை பிரான்ஸில் இருக்கும் ஒரு கடைக்குப் பணம் அனுப்பணும் என்றார். எதற்கு என்று ஃபாரத்தில் எழுத வேண்டுமே, கேட்டேன். "கார் ஹெட்லைட்டுக்கு ரெண்டு மஞ்சள் கண்ணாடி" என்றார்.

அவரிடம் 1960-களின் எம்.ஜி.பி. ஒன்று இருக்கிறதாம். இரண்டே பேர் உட்காரும், மேலே துணிக்கூரை போட்ட இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். "ஹெட்லைட் வெள்ளையா இருந்தா அது பழைய கார். மஞ்சளா இருந்தா ரேஸ்ல ஓடின கார்" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். கையெழுத்து வாங்கி அனுப்பி வைத்துவிட்டேன். ஆனால் இந்த மஞ்சள் மட்டும் மண்டைக்குள் வண்டாகக் குடைந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். (பி.காம். படிச்சவருக்கு இதெல்லாம் எதுக்கு என்பது தங்கமணியின் கேள்வி. நியாயமான கேள்விதான்.)

பழைய பிரெஞ்சுப் படங்கள் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரிக் காட்சிகளில் பாரிஸ் தெரு முழுக்கக் கார்களுக்கு மஞ்சள் கண். அது யாரோ ஆசைப்பட்டு மாட்டியது இல்லை, சட்டம். பிரான்ஸில் பதிவான கார் என்றால் ஹெட்லைட் மஞ்சளாக இருந்தே ஆகணும். ஐரோப்பாவில் எந்த ஊர் நெடுஞ்சாலையில் பார்த்தாலும், நம்பர் பிளேட்டைப் படிப்பதற்கு முன்னாலேயே எதிரே வருவது பிரெஞ்சுக்காரன் என்று தெரிந்துவிடுமாம்.

ஏன் இப்படி ஒரு சட்டம் என்று தேடினால் முதலில் வந்து விழுவது ஒரு யுத்தக் கதை. ஹிட்லர் படையெடுத்து வந்தால், ராத்திரியில் வருவது நம்ம வண்டியா எதிரி வண்டியா என்று பிரித்துப் பார்ப்பதற்காக பிரெஞ்சு ராணுவம் மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கியது என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. 1936 மார்ச்சில் ஜெர்மன் படை ரைன்லாந்துக்குள் நுழைந்தது, அதே வருஷம் நவம்பரில் மஞ்சள் விளக்குச் சட்டம் வந்தது. தேதிகளும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படையெடுத்து வருகிறவனுக்கு ரெண்டு மஞ்சள் பல்பு வாங்கி மாட்டத் தெரியாதா? யுத்த காலத்தில் எவனாவது ஹெட்லைட்டைப் பளிச்சென்று போட்டுக்கொண்டு வருவானா? விளக்கை மறைப்பதுதானே அங்கே வழக்கம்!

நிஜமான காரணம் ரொம்பச் சாது. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசி டிரைவர் களைத்துப் போகிறான், அதைக் குறைக்கணும். அவ்வளவுதான். 1934-ல் பிரெஞ்சு அறிவியல் அகாதமி, வெள்ளையை விட மஞ்சள் வெளிச்சம் கண்ணைக் குறைவாகக் கூசுகிறது, பனிமூட்டத்திலும் பச்சை, நீலம் அளவுக்குச் சிதறுவதில்லை என்று பதிவு செய்தது. மோட்டார் வாகனம், போக்குவரத்துக்கென இருந்த மத்தியக் குழு அதன்மேல் பரிந்துரை கொடுத்தது. 1936 நவம்பரில் சட்டம். 1937 ஏப்ரலிலிருந்து பதிவாகும் புது வண்டிகளுக்கு மஞ்சள் கட்டாயம், 1939 ஆரம்பத்திலிருந்து பழைய வண்டிகளும் மாற்றிக்கொள்ளணும் என்று திட்டம். அந்த செப்டம்பரில் யுத்தம் வந்து பாதியில் குழப்பிவிட்டது. ஆக, யுத்தம் இந்தச் சட்டத்தைப் பெற்றெடுக்கவில்லை, கெடுக்கத்தான் பார்த்தது.

நம்ம ஊரிலும் இதே தலைவலிக்கு ஒரு வைத்தியம் இருந்ததே, ஞாபகம் இருக்கா? அம்பாசடர், ஃபியட் ஹெட்லைட் நடுவில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. சின்ன வயசில் அதை திருஷ்டிப் பொட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே வருகிறவன் கண்ணைக் காப்பாற்றத்தான் அது என்று அப்புறம்தான் அப்பா சொன்னார்.

சரி, மஞ்சள் நிஜமாகவே வேலை செய்ததா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

நீல, ஊதா வெளிச்சத்தோடு நம் கண்ணுக்கு ஒத்துப்போகாது. மற்ற நிறங்கள் விழித்திரையில் சரியாகக் குவியும்போது நீலம் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடும், அதனால் மசமசவென்று தெரியும். அந்த நீலத்தை வடிகட்டி எறிந்துவிட்டால் மிச்சம் இருப்பது மஞ்சளாகத் தெரியும். இதுவரை அகாதமி சொன்னது சரி. பனிமூட்டக் கணக்குதான் இடிக்கிறது. மூட்டத்தின் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று ஆக்சஸரீஸ் கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது நஷ்டக் கணக்கு. வடிகட்டி என்றால் வெளிச்சம் குறையும், 15 முதல் 18 சதவீதம் வரை. கூச்சம் குறைந்ததில் ஒரு பங்கு வெளிச்சமே குறைந்ததால்தானோ என்ற சந்தேகம் அப்போதிலிருந்தே உண்டு. 1968-ல் இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவு வெளிச்சத்தில் மஞ்சளில் பார்வைக் கூர்மை சுமார் 3 சதவீதம் அதிகம். 1976-ல் நெதர்லாந்தில் பார்த்தபோது, பாதுகாப்பில் இரண்டும் சமம், கண்ணுக்கு உறுத்தல் மட்டும் மஞ்சளில் குறைவு என்று முடிவு வந்தது. காரணம் எளிது. அந்தக் காலத்து டங்ஸ்டன் இழை பல்பில் நீலமே கொஞ்சூண்டுதான். இல்லாததை வடிகட்டி என்ன கிடைக்கும்?

ஆனாலும் சட்டம் பாட்டுக்கு நின்றது. இருபது வருஷம் பேங்கில் குப்பை கொட்டியவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எதற்கு வந்தது என்று எல்லாருக்கும் மறந்துபோன சர்க்குலர்தான் ரொம்ப வருஷம் உயிரோடு இருக்கும்.

இதற்குள் ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. காட்மியம் கலந்த மஞ்சள் கண்ணாடியில் பல்பு. 1971-ல் எச்-4 ஹாலோஜன் வந்தபோது, அதன்மேல் குல்லா மாதிரி ஒரு மஞ்சள் கண்ணாடிக் கவசம். சிபியே, மார்ஷல் என்ற இரண்டு பிரெஞ்சு விளக்குக் கம்பெனிகளின் பெயர்கள் பழைய கார் பிரியர்களுக்கு மந்திரம் மாதிரி. மார்ஷலின் சின்னம் ஒரு பூனைத் தலை, இருட்டில் கண் தெரிகிற பிராணி! இங்கிலாந்திலிருந்து படகேறி பிரான்ஸுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள், ஹெட்லைட் கண்ணாடியில் பூச மஞ்சள் வார்னிஷ் டப்பா ஒன்றும் வாங்கிக்கொண்டு போவார்களாம்.

நம்ம வாடிக்கையாளர் பேச்சில் உண்மையும் இருக்கு. 1963-ல் எம்.ஜி.பி. லு மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஓடியிருக்கிறது, பாடி ஹாப்கிர்க் என்ற ஐரிஷ்காரர் ஓட்டினார். டியெப் ஊரில் தயாரான ஆல்பின் ஏ-110 என்ற குட்டிக் கார் 1971, 1973 இரண்டு வருஷமும் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது. அதன் முகத்தை மஞ்சள் விளக்கு இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. லு மான்ஸில் இந்த நூற்றாண்டிலும் பல வருஷம் ஜி.டி. வகுப்புக் கார்களுக்கு மஞ்சள், அதைவிட வேகமான புரோட்டோடைப் கார்களுக்கு வெள்ளை. பின்னால் வருவது யார் என்று கண்ணாடியில் பார்த்ததும் தெரிந்துவிடும். வண்டியை அடையாளம் காணத்தான் மஞ்சள் என்ற யுத்தக் கதை ரேஸ் டிராக்கில் மட்டும் நிஜமாகிவிட்டது!

ஹெட்லைட் பல்பால் ஒரு ராலியே தலைகீழான கதையும் உண்டு. 1966 மான்டி கார்லோ. முதல் மூன்று இடமும் மினி கூப்பருக்கு: மாக்கினன், ஆல்டோனன், மூன்றாவது நம்ம ஹாப்கிர்க். நாலாவது ரோஜர் கிளார்க் ஓட்டிய ஃபோர்டு. பரிசோதனையில் நாலு பேரையும், இன்னும் ஆறு கார்களையும் தூக்கிவிட்டார்கள். காரணம், ஹெட்லைட்டில் டிம் ஆகும் இரட்டை இழை பல்புக்குப் பதில் ஒற்றை இழை அயோடின் பல்பு போட்டிருந்தார்கள். கோப்பை சிட்ரோயன் ஓட்டிய பின்லாந்துக்காரர் பௌலி டொய்வோனனுக்குப் போனது. மனுஷன் சந்தோஷப்படவே இல்லை. அதற்கப்புறம் சிட்ரோயனுக்காக ஓட்டவும் இல்லை. சரியாக இருபது வருஷம் கழித்து, 1986-ல், அவர் மகன் ஹென்றி அதே ராலியை யாரும் குறை சொல்ல முடியாதபடி ஜெயித்தார். அதே மே மாதம் கோர்சிகா ராலியில் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சளை முடித்துவைத்தது கண் டாக்டர் இல்லை, வியாபாரம். ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி 1-ல் பிறந்தது. சந்தை ஒன்று என்றால் விதியும் ஒன்று. பிரான்ஸுக்கு மட்டும் தனி பல்பு, தனி ஸ்டாக் என்றால், அது சுங்கவரி இல்லாமலே போடும் சுங்கவரி. காமர்ஸ் வகுப்பில் படித்த பாடம் இது ஒன்றாவது உதவுகிறது. பிரெஞ்சு அரசியல்வாதிகளிலேயே சிலர் இதை உள்நாட்டு வியாபாரத்துக்குப் பாதுகாப்பு கொடுக்கிற சட்டம் என்று சொன்னார்கள். 1991-ல் ஐரோப்பிய உத்தரவு, 1992 டிசம்பரோடு கட்டாயம் போச்சு, அடுத்த மாதத்திலிருந்து புது வண்டிகளுக்கு வெள்ளை. அதற்கு முன் பதிவான வண்டிகள் மஞ்சளை வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அங்கே இன்னும் இந்தக் கண்ணாடி விற்கிற கடைகள் இருக்கின்றன, நானும் பணம் அனுப்பினேன்.

இப்போது வயிற்றெரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளுக்குள் நீல விளக்கு. நீல ஒளி விடும் சில்லுக்கு மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் கொடுத்தார்கள். டங்ஸ்டனில் இல்லாத நீலம் இதில் தாராளமாக இருக்கிறது. நீலத்தை வடிகட்டச் சொன்ன சட்டம், வடிகட்ட நீலம் இல்லாத காலத்தில் 56 வருஷம் ஆண்டது. நீலம் வந்து சேர்ந்தபோது சட்டத்தைப் புதைத்துப் புல் முளைத்தாச்சு.

என் வண்டியில் மஞ்சள் ஃபிலிம் ஒட்டலாமா என்றும் யோசித்தேன். கணக்கு உதைக்கிறது. ஒட்டினால் எனக்குப் பாதை மங்கும், சுகம் எதிரே வருகிறவன் கண்ணுக்கு. அவன் ஒட்டினால்தான் எனக்கு லாபம். ஆளாளுக்கு ஆசைப்பட்டுச் செய்து பலன் கிடைக்கிற காரியம் இல்லை இது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் சட்டமாகப் போட்டதற்கு நியாயம் அதுதான். பனிமூட்ட விளக்கில் மட்டும் சர்வதேச விதி இன்னமும் மஞ்சளை அனுமதிக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வண்டியிலேயே போகிறவர்களுக்குத் தெரியும். கோலாப்பூர் தாண்டி ராத்திரி பத்து மணிக்கு எதிரே ஒரு புது எஸ்.யூ.வி. டிம் பண்ணாமல் வந்தால் இரண்டு விநாடி ரோடே கிடையாது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்தக் கூச்சம் மறையக் கூடுதல் நேரம் வேறு. நாங்கள் இப்போதெல்லாம் ராத்திரி ஓட்டுவதில்லை. விடிகாலை நாலு மணிக்குப் புனேயில் கிளம்பி, இருட்டுவதற்குள் ஹூப்ளி தாண்டி எங்காவது ரூம் போட்டுவிடுகிறோம். ஒரு நாள் லீவு கூடுதலாகப் போகிறது, போகட்டும்.