இலங்கை மூலிகையும் இலண்டன் ஏடும்

நன்னாரி நமக்குப் புதியதன்று. கோடையில் சர்பத்தாகவும், நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வேராகவும் அது நம்மோடு ஊர்விட்டு ஊர் வந்திருக்கிறது. ஆனால், ‘இதுவே நன்னாரி’ என்று உலகத் தாவர நூலார் உறுதி செய்யச் சான்றாகக் கொள்ளும் செடி, இலங்கையில் பறிக்கப்பட்டுத் தாளில் ஒட்டப்பெற்று, இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. விஷ்ணுகிரந்திக்கும் அங்குள்ள ஏடே சான்று.

அவற்றைச் சேர்த்தவர் பால் ஹெர்மன் (1646–1695) என்னும் ஜெர்மானிய மருத்துவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் 1672இல் இலங்கை சேர்ந்தார். போர்த்துகீசியரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிப் பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்த கம்பெனிக்குக் கறுவாப்பட்டையின் மீதே கண். ஆயினும் காய்ச்சலுற்ற சிப்பாய்க்கு மருந்து வேண்டுமே! ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் மருந்து பல திங்கள் கடலில் கிடந்து கெட்டுப்போகும். எனவே உள்நாட்டு மூலிகையை அறிவது மருத்துவருக்குக் கடமையாயிற்று.

இலையும் பூவுமாகச் செடியைத் தாள்களுக்கிடையே பரப்பி, பாரம் வைத்து அழுத்தி, ஈரம் போக்கிப் பின் ஒட்டிவைப்பது அக்கலை. மழையும் பூச்சியும் மிகுந்த அத்தீவில் அது எத்துணைப் பாடு என்பதை, கோப்புகளைக் கறையானிடமிருந்து காப்பாற்றிப் பழகிய நம்போன்றோர் எளிதில் உணர்வோம்.

ஹெர்மன் பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். அவர் மறைந்தபின் தொகுதிகள் கைமாறின. 1744இல் கோபன்ஹேகன் அரச மருந்தாளர் குந்தர், தம்மிடமிருந்த ஐந்து தொகுதிகளை இனங்காணும்படி லின்னேயஸுக்கு அனுப்பினார். நான்கில் உலர்ந்த செடிகள், ஒன்றில் ஓவியங்கள். இலங்கையைக் கண்ணால் காணாத லின்னேயஸ் அவற்றைக் கொண்டே 1747இல் ‘ஃப்ளோரா சைலானிக்கா’வை வெளியிட்டார். 1753இல் செடிகளுக்கு அவர் இருசொற் பெயர் சூட்டியபோது, இலங்கைச் செடிகள் பலவற்றுக்கு ஹெர்மனின் தாள்களே ஆதாரமாயின. கறுவாவும் அவற்றுள் ஒன்று. 1793இல் ஜோசப் பேங்க்ஸ் அத்தொகுதிகளை 75 பவுனுக்கு வாங்கினார். அவ்வழியே அவை இலண்டன் சேர்ந்தன.

நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. ஹெர்மனின் குறிப்புகளைக் கொண்டு 1717இல் வெளிவந்த ‘மியூசியம் சைலானிக்கம்’ என்னும் நூலில் செடிகளின் சிங்களப் பெயர்கள் இலத்தீன் எழுத்தில் நிரம்பியுள்ளன. அயல்நாட்டு மருத்துவர் அப்பெயர்களைத் தாமாக அறிந்திருக்க இயலாது. வைத்தியரோ, காட்டுவழி அறிந்த குடியானவரோ, பட்டை உரிப்பவரோ அருகிருந்து சொல்லியிருத்தல் வேண்டும். ‘இது காய்ச்சலுக்கு, இது கடிக்கு’ என்று விரல் நீட்டியவர் எவரும் லின்னேயஸின் நூலால் பெயர் பெறவில்லை. செடியின் பெயர் எஞ்சியது. சொன்னவர் பெயர் எஞ்சவில்லை. இதனை ஹெர்மனின் குற்றமென்பதைவிட அக்காலத்து வழக்கம் என்பதே நேர்மை. எனினும் குறை குறையே.

ஹெர்மனுக்கோ அக்குறை இல்லை. ஒரு தாவரப் பேரினத்துக்கே ‘ஹெர்மானியா’ என்று அவர் பெயர் வழங்குகிறது. அவ்வினச் செடிகள் மிகுந்து வளர்வது இலங்கையிலன்று. அவர் வரும் வழியில் தங்கிச் செடி சேர்த்த தென்னாப்பிரிக்காவில்.