சங்கிலியும் சாவியும்



2001 ஆகஸ்டு 6. ஆண்டவரின் உருமாற்ற விழா நாள். அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயுற்றோரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். எரிந்த உடல்களை அடையாளம் காணவும் இயலவில்லை.

ஏர்வாடித் தர்காவுக்கு நலம் வேண்டிச் சமய வேறுபாடின்றி மக்கள் வருவது நெடுநாளைய வழக்கம். நோயாளியுடன் தங்கிப் பார்த்துக்கொள்ள இயலாத குடும்பங்களிடம் பணம் பெற்று, அவர்களை வைத்துக்கொள்ளும் காப்பகங்கள் தர்காவைச் சுற்றி முளைத்தன. குற்றம் நம்பிக்கையினுடையதன்று, நம்பி வந்தவர்களைக் கண்காணிப்பின்றிக் கைவிட்டதே குற்றம்.

சட்டம் இல்லாமலில்லை. மனநலக் காப்பகங்கள் உரிமம் பெறவேண்டுமென 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே கூறியிருந்தது. அதைக் கேட்பார் இல்லை. விபத்துக்குப் பின்னரே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. ஒரே வாரத்தில் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். காப்பக உரிமையாளர் உள்ளிட்டோருக்கு 2007இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடைசெய்தது.

அதே 2017இல், ஆகஸ்டு 4ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், துபாய் மரீனாவில் 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த டார்ச் கோபுரம் தீப்பற்றியதை உங்களுள் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். அதில் ஓர் உயிரும் போகவில்லை. விண்ணைத் தொடும் மாடியிலிருந்து மக்கள் இறங்கி வந்தனர்; தரையோடு இருந்த கொட்டகையிலிருந்து 28 பேரால் வெளியேற முடியவில்லை. வேறுபாடு உயரத்தில் இல்லை. வெளியேறும் வழி இருந்ததா, கால்கள் கட்டின்றி இருந்தனவா என்பதில்தான் இருந்தது.

திருச்சபையின் நினைவிலும் இத்தகைய தீ ஒன்று உண்டு. இறைவனின் புனித யோவான், பித்தர் எனக் கருதப்பட்டு, ஸ்பெயின் நாட்டுக் கிரனாதா நகரின் அரச மருத்துவமனையில் அடைக்கப்பட்டுக் கசையடி பட்டவர். வெளியே வந்தபின் ஏழை நோயாளிகளுக்கெனத் தாமே ஒரு மருத்துவமனையை நிறுவினார். 1549இல் அந்த அரச மருத்துவமனை தீப்பற்றியபோது, தாம் அடிபட்ட அதே கட்டடத்துக்குள் நுழைந்து நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். இன்று அவர் மருத்துவமனைகளின் பாதுகாவலர்.

அன்பர்களே, உங்களுள் சிலருடைய பெற்றோர் ஊரில் முதியோர் இல்லங்களில் இருக்கின்றனர். மாதந்தோறும் பணம் அனுப்புகிறீர்கள். அது கடமையின் பாதி. விடுப்பில் செல்லும்போது மறுபாதியையும் நிறைவேற்றுங்கள். இல்லம் பதிவு பெற்றதா? இரவில் விழித்திருப்பவர் யார்? கதவு பூட்டப்படுமாயின் சாவி எவரிடம்? நடக்க இயலாதவர் எந்தத் தளத்தில் படுக்கிறார்? தீயணைப்பான் வேலை செய்கிறதா? மருந்து கொடுத்ததை எழுதிவைக்கிறார்களா? கழிவறையில் பற்றிக்கொள்ளக் கைப்பிடி உண்டா?

இவற்றைக் கேட்பது அவமதிப்பு என எண்ண வேண்டாம். நல்ல இல்லம் மகிழ்ந்து விடை சொல்லும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் இல்லத்தில் உங்கள் தாயை ஓர் இரவும் விட்டுவைக்காதீர்கள்.

ஏர்வாடியில் மாண்ட அந்த 28 பேருக்காகவும் இன்று செபிப்போம். இறைவன் உங்களையும், உங்களுக்காக ஊரில் காத்திருக்கும் முதியோரையும் காப்பாராக.