இதயப் பதக்கமும் ஒரு பிரெஞ்சு வார்த்தையும்

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியோடு வயல்வெளியில் அலைவது இங்கிலாந்தில் பலருக்குப் பொழுதுபோக்கு. பெரும்பாலும் கிடைப்பது துருப்பிடித்த ஆணியும் பழைய பொத்தானும்தான். 2019 டிசம்பரில் வார்விக்ஷயர் பகுதியில் அப்படித் தேடிய ஒருவருக்கு, இந்தப் பழக்கம் தொற்றி ஆறே மாதம் ஆகியிருந்த நிலையில், இதய வடிவப் பதக்கம் கோத்த தங்கச் சங்கிலி கிடைத்தது. 75 கண்ணிகள். மொத்த எடை சுமார் 300 கிராம்; நம் கணக்கில் 37 சவரனுக்கு மேல். அதுவும் 24 காரட்!

நகை கிடைப்பது அதிர்ஷ்டம். அது யாருடையது என்று சொல்வதுதான் வேலை. இந்த நகை தன் விலாசத்தைத் தானே சுமந்து வந்தது. பதக்கத்தின் ஒரு பக்கம் சிவப்பும் வெள்ளையுமான ரோஜா. அது டியூடர் அரச வம்சத்தின் சின்னம். அதோடு பின்னிக்கொண்டு ஒரு மாதுளைச் செடி. மாதுளை ஸ்பெயினின் கிரனடாவைக் குறிப்பது. 1492இல் அதை வென்றவர்களின் மகள் கேத்தரின், எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி. மறுபக்கம் எச், கே என்ற இரண்டு எழுத்துகள், நாடாவால் கட்டப்பட்டு. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

என்னை நிறுத்தியது அதில் பொறித்திருந்த வாசகம். டி, ஓ, வி, எஸ். பிறகு ஐ, ஓ, ஆர், எஸ். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு ஒன்றும் விளங்காது. புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு ஒரு நிமிடம் போதும். அந்தக் காலத்தில் 'யு'வுக்கு 'வி'யும், 'ஜே'வுக்கு 'ஐ'யும் எழுதினார்கள். மாற்றிப் போட்டுப் படித்தால் 'துஜூர்'. 'என்றென்றும்' என்று பொருள். எழுத்துப்பிழைக்கு முட்டி பெயர்த்த எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருப்பார்.

இங்கிலாந்து ராஜாவின் நகையில் பிரெஞ்சு எதற்கு? அரசவை மரபு ஒரு காரணம். பிரிட்டிஷ் மியூசியம் ஆராய்ந்து சொன்னது இன்னும் சுவையானது. 1518 அக்டோபரில் ஹென்றியின் மகள் மேரிக்கும் பிரெஞ்சு இளவரசனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. பெண்ணுக்கு இரண்டரை வயது, மாப்பிள்ளைக்கு எட்டு மாதம்! நம் பாட்டிமார் காலத்துக் கதையெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்? அந்த விழாவுக்காகச் செய்ததாக இருக்கலாம் என்கிறார்கள். பொன் இவ்வளவு இருந்தும் எனாமல் வேலை அவசரத்தில் முடித்தது போல இருக்கிறதாம். விழா நாள் நெருங்கினால் ஆசாரியின் கை எப்படி ஓடும் என்று நமக்குத் தெரியாதா?

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. 1533இல் ஹென்றி கேத்தரினுடனான திருமணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கிக்கொண்டார். 1536 ஜனவரியில் கேத்தரின் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பிரெஞ்சு மாப்பிள்ளையும், பதினெட்டு வயதில்.

இனி என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் பிடித்த விஷயம். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத வேண்டும். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 716ஆம் பிரிவோ, பிறர் நிலத்தில் தற்செயலாகக் கிடைத்த புதையலில் கண்டவருக்குப் பாதி, நிலக்காரருக்குப் பாதி என்று இரண்டே வரியில் முடித்துவிடும்.

வார்விக்ஷயர்காரர் முறைப்படி தெரிவித்தார். 2023 ஜனவரியில் நகையை உலகுக்குக் காட்டினார்கள். அதை வாங்கி மக்கள் பார்வைக்கு வைக்க 35 லட்சம் பவுண்டு வேண்டுமென்று 2025இல் பிரிட்டிஷ் மியூசியம் பொதுமக்களிடம் கையேந்தியது. இதை வீட்டில் படித்துக் காட்டினேன். "இதில் செய்கூலி எவ்வளவாம்?" என்று கேட்டாள் என் மனைவி.