திரவத்தைத் தொட்டுப் பார்க்கும் படிகம்



இயற்பியல் லேப்பில் மீயொலி இன்டர்ஃபெரோமீட்டர் செய்தது ஞாபகம் இருக்கிறதா? திரவம் நிரப்பிய சின்னக் கலம். அடியில் குவார்ட்ஸ் படிகம், மேலே மைக்ரோமீட்டர் திருகு. திருகத் திருக மீட்டரின் முள் ஏறும், இறங்கும். ரீடிங் எழுதி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடிவிடுவோம். அந்த முள் ஏன் ஆடியது என்று நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

கதை 1880-இல் பாரிஸில் தொடங்குகிறது. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுகிறது என்று ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்பது அடுத்த ஆண்டே உறுதியாயிற்று. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டறிய, லாங்கெவின் குவார்ட்ஸைக் கடல்நீருக்குள் அதிர வைத்தார். 1928-இல் ஹப்பர்ட், லூமிஸ் என்ற அமெரிக்கர்கள் நாம் லேப்பில் பார்த்த முறையைத் திரவங்களுக்குக் கொண்டுவந்தனர். எதிரொளிப்பான் அரை அலைநீளம் நகரும்போதெல்லாம், திரும்பி வரும் அலை படிகத்தின் அதிர்வை ஒரேபோலப் பாதிக்கும். உடனே மின்னோட்டம் மாறும். 2 மெகாஹெர்ட்ஸில் தண்ணீருக்கு அந்த இடைவெளி சுமார் 0.37 மி.மீ. அதிலிருந்து ஒலியின் வேகமும், அடர்த்தியைச் சேர்த்தால் அமுக்கத்தன்மையும் கிடைத்துவிடும். முள்ளை ஆட்டியது திரவம்தான்!

இதில் நம் நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. படிகம் எழுப்பும் மீயொலி திரவத்தில் பாயும்போது, குறுக்கே செல்லும் ஒளி பல கோடுகளாகப் பிரிவதை 1932-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டனர். அத்தனை கோடுகள் ஏன் என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும் 1935–36-இல் பெங்களூரிலிருந்து அந்த விளக்கத்தைத் தந்தனர். ராமன்–நாத் கொள்கை என்று உலகமே படிக்கிறது.

அடுத்த திருப்பம் 1959-இல். படிகத்தின் மேல் மெல்லிய படலம் படிந்தால் அதன் அதிர்வெண் குறையும், அதைக்கொண்டு எடை போடலாம் என்று ஜெர்மனியின் சாவர்பிரே காட்டினார். ஆனால் இது வெற்றிடத்துக்கும் காற்றுக்கும் ஆன தராசு. திரவம் பட்டால் அதிர்வு அடங்கிவிடும் என்றே பலரும் நினைத்தனர். 1980-இல் கோனாஷ், பாஸ்டியான்ஸ், 1982-இல் ஜப்பானின் நொமுரா, ஒகுஹாரா ஆகியோர் திரவத்திலும் அது வேலை செய்வதைக் காட்டினர். 1985-இல் கனசாவா, கோர்டன் இருவரும் கணக்கைத் தெளிவாக்கினர்: அதிர்வெண் குறைவது, திரவத்தின் பாகுநிலையையும் அடர்த்தியையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் ஒரு முகத்தைத் தண்ணீர் தொட்டால் சுமார் 715 ஹெர்ட்ஸ் குறையும்.

இந்தப் படிகம் மேலும் கீழும் துள்ளுவதில்லை, பக்கவாட்டில் உரசுகிறது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் படவேடு, ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தொழில்தான் நினைவுக்கு வந்தது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அதை நீக்குவார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா இழையை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, “பதம் வந்துடுச்சுப்பா” என்பார். தெர்மாமீட்டரும் இல்லை, கடிகாரமும் இல்லை. உரசும்போது விரல் உணரும் தடைதான் அவருக்கு அளவுகோல். படிகமும் அதையேதான் செய்கிறது. நமக்கு எண்ணாகச் சொல்கிறது, அவ்வளவே.

அதற்கும் எல்லை உண்டு. தண்ணீரில் அது உணர்வது சுமார் 250 நானோமீட்டர் ஆழம் மட்டுமே. பாகுநிலையையும் அடர்த்தியையும் தனித்தனியே பிரித்துச் சொல்லாது. ஒன்றை வேறு வழியில் அளந்துகொள்ள வேண்டும்.

தம்பி தங்கைகளே, திரவம் பட்டதால் குறைந்த அந்த 715 ஹெர்ட்ஸைத் தொல்லை என்று ஒதுக்கியிருந்தால், இந்தக் கருவியே பிறந்திருக்காது. தொல்லை என்று தோன்றியதுதான் செய்தியாக இருந்தது. அடுத்த முறை லேப்பில் முள் ஆடினால், ரீடிங் எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று “ஏன்?” என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேளுங்கள்.