மிளகாய்க்கு வேர்க்காவல் வந்த கதை



நம்ம நாடுகாணியில் மிளகு இந்த மண்ணின் கொடி. மிளகாய் அப்படியில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. இன்றைக்கு அது இல்லாமல் நமக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் வீட்டுக்குப் பின்னால் நான் நட்ட மிளகாய் அத்தனையும் சுருட்டை விழுந்து போச்சு. சங்கக் கடனில் பாதியை மருந்துக்கே செலவு செய்தேன். ஒரு செடிகூடத் தேறவில்லை. பிறகுதான் புரிந்தது: வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் செடிக்குள் புகுந்துவிட்டால் குணமாக்க மருந்தே கிடையாது.

அப்புறம் என்னதான் வழி? அதைப் பலர் பல காலம் தேடியிருக்கிறார்கள். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் செடியின் நலத்துக்கு முக்கியம் என்று 1904-இல் ஜெர்மனியின் லோரன்ஸ் ஹில்ட்னர் எடுத்துச் சொன்னார். வேரில் குடியிருக்கும் சில நல்ல பாக்டீரியாக்கள் செடி முழுக்க எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் என்பது 1991-இல் தெரிந்தது. 1994-இல் சுவிட்சர்லாந்தில், வேரில் சூடோமோனாஸ் இருந்த புகையிலைச் செடிகளுக்கு வைரஸ் நோய் குறைந்தது.

நம்ம கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இந்த சூடோமோனாஸை டால்க் பவுடரில் கலந்து, 1995-இல் கொண்டைக்கடலை வாடல் நோய்க்குக் கொடுத்தார்கள். 2005-இல் தக்காளியின் வைரஸ் நோய்க்கும் பலன் கண்டார்கள். தக்காளி, மிளகாய்க்குப் பங்காளிதானே! 2016-இல் தென்கொரியாவில் பேசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவை மிளகாய் இலையில் தெளித்து, தேமல் வைரஸைக் குறைத்தார்கள்.

இது வைரஸைக் கொல்வதில்லை. செடியை முன்கூட்டியே உஷாராக்குகிறது. சுருட்டை விழுந்த பிறகு ஊற்றிப் பயனில்லை. விதையிலேயே தொடங்கணும்: 1 கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ். நடும்போது நாற்றின் வேரை அதன் கரைசலில் அரை மணி நேரம் நனைக்கணும். சில பூஞ்சண மருந்துகளோடு கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும். இதுவே முழுக்காவலும் இல்லை. மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டணும், சுருண்ட செடியை உடனே பிடுங்கி அழிக்கணும்.

விதை எடுத்து வைப்பதும் நாற்று விடுவதும் நம்ம வீடுகளில் பெண்கள் கை வேலை. காவல் தொடங்கும் இடமும் அதுதான். இந்த வருஷம் விதைக்குப் பூசித்தான் நாற்று விட்டேன். இரண்டு செடி சுருண்டது, பிடுங்கிவிட்டேன். மற்றது காய்க்குது. அடுத்த கூட்டத்துக்கு விதை கொண்டுவருகிறேன்; வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.