தப்பு முதல் கைத்தொலைபேசி வரை

மலையகத்தின் பழைய தோட்டங்களில் பொழுது விடிந்தது தப்பின் ஒலியோடுதான். பெரட்டுக்கு ஆள் சேர்க்க ஓர் அடி, இழவு சொல்ல வேறோர் அடி, காமன் கூத்துக்கு மற்றோர் அடி. கருவி ஒன்றுதான். அடி மாறினால் செய்தி மாறிற்று. லயத்தில் படுத்திருந்தவர்க்கு அது புரிந்தது. தொலைபேசி, மடிக்கணினி, மேசைக்கணினி யாவும் ஒரே கருவியில் என்ற விளம்பரங்களைக் காணுந்தோறும் எனக்குத் தப்பு நினைவுக்கு வருவதுண்டு.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் ஹட்டனிலிருந்து ஒரு செய்தியைக் கொழும்பில் சேர்ப்பிக்கக் குறிப்பேடு, கமரா, தந்திக்கு அஞ்சலகம், படச்சுருளுக்கு இரவு அஞ்சல் ரயில் என எத்தனையோ தேவைப்பட்டன. ரயில் தவறினால் படமும் தவறும்.

இவற்றை ஒன்றாக்கும் முயற்சி புதியதன்று. 1996இல் வந்த நோக்கியா கம்யூனிகேட்டர் மூடினால் தொலைபேசி, திறந்தால் விசைப்பலகை. 2011இல் மோட்டரோலா நிறுவனம் அட்ரிக்ஸ் என்ற தொலைபேசியோடு ஒரு மடிக்கணினிக் கூட்டையும் விற்றது. அக்கூட்டுக்குத் தனியாக மூளை கிடையாது. தொலைபேசியைச் செருகினால்தான் உயிர் பெறும். கூட்டின் விலை மட்டும் ஏறத்தாழ 500 டொலர். 2013இல் உபுண்டு எட்ஜ் என்ற திட்டம் பொதுமக்களிடம் 3.2 கோடி டொலர் திரட்ட முனைந்து, 1.3 கோடியைக்கூட எட்டாமல் கைவிடப்பட்டது. மைக்ரோசொப்ட்டின் முயற்சி 2015இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் அடங்கிற்று. 2017இல் வந்த சாம்சங்கின் டெக்ஸ்தான் நிலைத்தது. தொலைபேசியைத் திரையுடன் பொருத்தி, விசைப்பலகையும் சுட்டியும் சேர்த்தால் மேசைக்கணினி தயார்.

ஆனால் இந்த வசதி பெரும்பாலும் விலையுயர்ந்த கருவிகளுக்கே உரியது. மலிவான தொலைபேசிகள் பலவற்றின் துளை வழியே மின்னேற்றலாம், கோப்புகளை மாற்றலாம். வெளித்திரைக்குப் படம் அனுப்ப இயலாது. லயங்களில் இருப்பவை பெரும்பாலும் இவ்வகையினவே.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. ஒரே கருவி எல்லாப் பணிக்கும் என்பது மலையகத்தில் அன்றுதான் நடைமுறையாயிற்று. வகுப்பறை, நூலகம், விடைத்தாள், கொழும்பிலிருக்கும் மகனின் குரல் எல்லாம் ஒரு சிறு திரைக்குள். மேலைநாட்டில் வசதிக்காக ஒன்றாக்கினார்கள். இங்கே வேறொன்று இல்லாததால் ஒன்றாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவையே சமையலறையாகவும் படுக்கையறையாகவும் பிரசவ அறையாகவும் தலைமுறைகளாகப் பழகியவர்களுக்கு இது புதிதன்றுதான். எனினும் காம்பராவில் ஒண்டிக்கொள்ளலாம். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரு திரையில் படிக்க முடியாதே! அலைவரிசை தேடித் தேயிலை மலையின் உச்சிக்கு ஏறிய பிள்ளைகளும் உண்டு.

தள்ளிப்போன 2020ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கான வர்த்தமானி வெளிவந்ததும் அதே மாதத்தில்தான். மறு ஆண்டு ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது, பிள்ளைக்கொரு தொலைபேசி என்ற கனவு இன்னும் தொலைவுக்குப் போயிற்று.

அந்தப் பரீட்சைக்குச் சில வாரங்கள் முன்னர் ஹட்டனுக்கு அண்மையில் ஒரு லயத்தில் இரவு தங்க நேர்ந்தது. ஒன்பது மணிக்கு மேல், தொலைபேசியில் வந்த பாடத்தை ஒரு மாணவி வரி வரியாகக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். அதுதான் தொலைபேசியிலேயே இருக்கிறதே, ஏன் எழுதுகிறாய் என்றேன்.

"விடிஞ்சா அண்ணன் கொழும்புக்குப் போயிருவாரு ஐயா. போனு அவரோடது" என்றாள்.